இவருக்குப் பதில் இவர்

பன்னெண்டு மணிக்குள்ள சாகணுமாம். ஒரு மணிக்கு இந்த டப்பிங் ரூமை வேற சீரியலுக்குக் கொடுத்திருக்காங்க, அதனால அகிலா அதுக்குள்ள உயிரை விட்டாகணும்னு சொல்லிட்டு, தயாபரன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் சவுண்ட் இன்ஜினியர் கில்பர்ட் பக்கத்துல உக்காந்துட்டான். அதோட நிறுத்தியிருந்தா பரவாயில்லை. அதுக்கு முன்னாடியே, கீழே இருந்து என் கூடவே மாடி ஏறி வந்தவன், பாதிப் படியில நின்னு, தன் செருப்பையே பாத்துக்கிட்டு சொன்னான், "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அகிலா மக மகிழினி பெரியவளா வர்றதுக்கு வேற வாய்ஸ் பாத்துட்டாங்க. திங்கக்கிழமை ஒரு பொண்ணு வருது. எல்லாமே ஃப்ரெஷ்ஷா இருக்கணும்னு சேனல்ல சொல்றாங்க." தப்பா எடுத்துக்காதீங்கன்னு ஆரம்பிக்கிற பேச்சை எப்படிடா சரியா எடுத்துக்கறது? அசோசியேட் டைரக்டர் ஆகி ரெண்டு வருஷம் ஆகுது, கெட்ட சேதி சொல்றப்ப ஆள் மூஞ்சியைப் பாக்கத் தெரியலை. பையைத் துழாவி வெந்நீர் ஃபிளாஸ்க் இருக்கான்னு பாத்தேன். இருந்துச்சு. பனங்கற்கண்டு, மிளகு, ரெண்டு கிராம்பு, எல்லாம் இருந்துச்சு. சாகப்போறவளுக்குத் தொண்டை நல்லா இருக்கணும்ல. இப்ப மைக் முன்னாடி நிக்கிறேன். மைக் மேல போட்டிருக்கிற பஞ்சு உறையில ஊர்ப்பட்ட ஜனங்களோட மூச்சு வாடை. எதிர்ல ஸ்கிரீன்ல அகிலா கட்டில்ல சாஞ்சபடி அசையாம நிக்கிறா, வாய் பாதி திறந்து. நான் பேசினாத்தான் அவ பேசுவா. அதைத்தான் மறந்துட்டாங்க.

எந்த அகிலான்னு கேட்டா, மூணாவது அகிலா. 'அகிலாவின் வீடு' ஆறு வருஷமா ஓடுது. முத அகிலா மைசூர்ப் பொண்ணு, பூர்விகா. நல்ல பொண்ணு, ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. பக்கத்துல ஒருத்தன் வசனத்தைச் சொல்லச் சொல்ல, பாதியைத் தமிழ்லயும் பாதியைக் கன்னடத்துலயும் மெல்லுவா. அவ வாய் திறக்கிற இடத்துல எல்லாம் நான் ஒரு 'ம்', ஒரு 'வந்து', ஒரு 'அதில்லீங்க' போட்டு அடைப்பேன். அந்த 'அதில்லீங்க' அகிலாவோட அடையாளமாவே ஆயிடுச்சு. எழுதினவர் அதுக்கு ஒரு பத்திரிகையில பேட்டி கொடுத்தார், அந்தப் பாத்திரத்தோட பணிவைக் காட்ட வெச்சேன்னு. நல்லா வெச்சீங்க போங்க. கல்யாணம் ஆகி பூர்விகா போனா, கொல்லத்துல இருந்து ஆதிரா வந்தா. ஒரு வெள்ளிக்கிழமை அகிலா அடுப்படிக்குள்ள போறா, திங்கக்கிழமை அதே சேலையில வேற ஒருத்தி வெளியே வர்றா, டிவியில கீழே ஒரு எழுத்து அட்டை, 'இனி அகிலாவாக, இவருக்குப் பதில் இவர்'. அவ்வளவுதான். புருஷன்காரன் புதுப் பொண்டாட்டியைப் பாத்து, காப்பி எங்கேன்னு கேக்கறான். எப்படி நம்பினாங்க ஜனங்க? என்னாலதான் நம்பினாங்க. அந்தக் காப்பிக்கு "இதோ கொண்டாறேங்க"ன்னு சொன்ன குரல் அதே குரல். மூக்கு மாறிப்போச்சு, நிறம் மாறிப்போச்சு, உயரம் அரையடி குறைஞ்சு போச்சு, எவனும் டிவியை நிறுத்தலை. ஆதிராவுக்கு சினிமா வந்துச்சு, போயிட்டா. விஜயவாடாவுல இருந்து சௌஜன்யா வந்தா. மறுபடி அட்டை. மறுபடி நான். முகம் ரெண்டு தடவை மாறினப்ப குரலைப் பத்தி யாரும் கவலைப்படலை, அது தண்ணிக் குழாய் மாதிரி சுவத்துக்குள்ள இருக்கிற சங்கதி. இப்ப கதை பன்னெண்டு வருஷம் தாண்டப் போகுது, அகிலா செத்து, மக மகிழினி பத்தொம்பது வயசுல வந்து நிக்கப் போறா, அதையும் சௌஜன்யாவே பண்றா. முகம் அதே முகம். குரல் மட்டும் மாறணுமாம். இது எந்த ஊரு நியாயம்?

"அக்கா, ரெடியா?" கில்பர்ட் ஹெட்போன்ல கேக்கறான். நல்ல மனுஷன், நாப்பது வயசாகியும் அக்கான்னு கூப்பிடுறப்ப ஒரு கூச்சம் இருக்கும் அவன்கிட்ட. கட்டை விரலைக் காட்டினேன். விளக்கு எரியுது. ஸ்கிரீன்ல நாத்தனார் பாயசக் கிண்ணத்தை எடுத்துட்டுப் போறா. தன் தம்பிக்கு, அதான் அகிலா புருஷனுக்குன்னு அவ கலந்த விஷம், தெரிஞ்சே அகிலா வாங்கிக் குடிச்சுட்டா. ஆறு வருஷம் குடும்பத்துக்காக எல்லாத்தையும் விழுங்கினவ கடைசியா அதையும் விழுங்கினா, அதானே முறை. இருமல் என்னுது. மூச்சு இழுக்கிறது என்னுது. "அதில்லீங்க... எனக்கு ஒண்ணும் இல்லீங்க..." இது என்னுது. அப்புறம் ஒரு இடத்துல அகிலா புருஷனைப் பாத்து, பேசாம உதட்டை மட்டும் அசைக்கிறா. சௌஜன்யா அங்க வசனத்தை மறந்துருக்கா, நல்லாவே தெரியுது, கண்ணு கேமராவுக்கு அந்தப் பக்கம் நிக்கிறவனைத் தேடுது. நான் அதுல ஒரு பெருமூச்சை வெச்சேன். இப்ப அது மறதி இல்லை, பாசம். கில்பர்ட் தலையை ஆட்டினான். தயாபரன் போனைப் பாத்துட்டு இருக்கான். பாருடா, இங்கே பாரு, உன் நாயகி வசனம் மறந்த இடத்தைத் துணி தைக்கிற மாதிரி தைச்சுட்டு இருக்கேன், நீ போனைப் பாக்கறே. "ஒன்மோர்க்கா, 'ஒண்ணும் இல்லீங்க'ல மேலே கொஞ்சம் கிழிஞ்சுது"ன்னான் கில்பர்ட். கேட்டுருச்சா அவனுக்கும்?

கிழியுது, ஆமா. போன மாசத்துல இருந்து கிழியுது. உச்சியில போனா நடுவுல ஒரு நூல் பிரிஞ்சு போற மாதிரி. டாக்டரம்மா விளக்கை வெச்சுப் பாத்துட்டு, நாப்பத்தொம்பது வயசுல உடம்பு மாறுறப்ப குரலும் கொஞ்சம் கனக்கும், பயப்பட ஒண்ணும் இல்லை, கத்தாதீங்கன்னு சொன்னாங்க. கத்தாதீங்கன்னு யாருகிட்ட சொல்றீங்க, கத்துறதுதான் என் தொழில்னு சொன்னேன். சிரிச்சாங்க. நான் சிரிக்கலை. வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் ஷேர் ஆட்டோவுல வாயை மூடிக்கிட்டு உள்ளுக்குள்ளேயே மகிழினி மாதிரி பேசிப் பாத்தேன், பத்தொம்பது வயசு, காலேஜ் போற புள்ளை, "அப்பா, இன்னைக்கு லேட்டாகும்பா." பேச வருது. உச்சிக்குப் போகாத வரைக்கும் வருது. யார்தான் எந்நேரமும் உச்சியில பேசறா? கோவில்பட்டியில பத்தொம்பது வயசுல நான் பேசினதைக் கேட்டிருந்தா ஆம்பளைக் குரல்னு சொல்லியிருப்பாங்க. அதுக்கு முன்னாடி பள்ளிக்கூட நாடகத்துலயே சந்தனமாரி டீச்சர் என்னை மேடையில ஏத்துறப்ப எப்பவும் ராஜா வேஷம்தான் கொடுப்பாங்க. அப்ப கனமா இருந்த குரலை இளசாக்கி முப்பது வருஷம் சோறு தின்னாச்சு, இப்ப வந்து வயசாயிடுச்சுன்னா நான் நம்பணுமா? நம்ப மாட்டேன். ஆனா பயமா இருக்கு. இருக்கட்டும், பயமும் இருக்கட்டும், ஒரு ஓரமா உக்காந்திருக்கட்டும். வெந்நீர் ஒரு மடக்கு. மிளகு நாக்கு நுனியில சுட்டுச்சு. "போலாம் கில்பர்ட்." இந்த தடவை கிழியலை. கீழே இறக்கி, நெஞ்சுல இருந்து எடுத்தேன். சாகப்போறவ எதுக்கு உச்சியில பேசணும், எனக்கு முன்னாடியே தோணியிருக்கணும்.

அடுத்தது கடைசி வசனம். "மகிழைப் பாத்துக்கோங்க." அவ்வளவுதான் எழுதியிருக்காங்க. ஸ்கிரீன்ல ஒரு தடவை ஓட்டிக் காட்டினான் கில்பர்ட். அகிலா குழந்தையோட கன்னத்தைத் தொடுறா, கை விழுது. குழந்தைக்கு ஏழு வயசு. அது பொறந்த சீன் வந்து நாலு வருஷம்தான் ஆகுது, சீரியல் குழந்தைங்களுக்கு வளர்ற வேகம் ஜாஸ்தி. அது பொறந்த அன்னைக்கும் நான் இங்கேதான் நின்னேன். பிரசவ சீன்ல அம்மாவுக்குக் கத்திட்டு, வேர்த்து விறுவிறுத்துப் போய் உக்காந்தேன், அப்ப தயாபரனுக்கு முன்னாடி இருந்த பையன், "குழந்தை அழுகையைக் கம்ப்யூட்டர்ல இருந்து எடுத்துப் போட்டுடலாம்"னான். போட்டான். பூனை கத்துற மாதிரி இருந்துச்சு. எழுந்திரிச்சு, தள்ளுடான்னு சொல்லிட்டு, நானே அழுதேன். குவா குவான்னு இல்லை, பொறந்த குழந்தை அப்படி அழாது, மூச்சைத் தேடித் தேடி அழும். ஆஸ்பத்திரி வராண்டாவுல எத்தனையோ நாள் உக்காந்து கேட்டிருக்கேன் அதை. நமக்குன்னு ஒண்ணு அழுமான்னு பதினோரு வருஷம் அங்கே நடந்திருக்கேன். அழலை. இல்லைன்னா இல்லை, அதுக்கென்ன இப்ப. இந்த மகிழினி இருக்காளே, இவ மூச்சைத் தேடினது என் மூச்சுல. முத முதல்ல 'ம்மா'ன்னது நான். பால் பல் விழுந்தப்ப 'ஸ'வும் 'ச'வும் கொழகொழன்னு பேசினது நான், அதுக்காக ஒரு வாரம் நாக்கு நுனியில கற்கண்டை வெச்சுக்கிட்டுப் பழகினேன். அம்மாவும் நானே, புள்ளையும் நானே, அம்மா திட்டுறதும் புள்ளை அடம்பிடிக்கிறதும் ஒரே மைக்ல, நான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பி. இப்ப அவளுக்குப் பத்தொம்பது வயசு ஆனதும் வேற ஒருத்தி வருவாளாம். பெத்தவளை விட்டுட்டு ஹாஸ்டலுக்கு அனுப்புற மாதிரி அனுப்பிடுவாங்களாம். அனுப்புவாங்க, அனுப்புவாங்க.

"மகிழைப் பாத்துக்கோங்க." சொல்லிட்டேன். ஒரே டேக். கை விழுந்துச்சு, கடைசி மூச்சை விட்டேன், அதை ரெண்டா உடைச்சு விட்டேன், பாதியில நின்னு மீதி தானாப் போற மாதிரி. அந்தப் பக்கம் கில்பர்ட் மூக்கைத் தொடச்சுக்கிட்டான். பத்தொம்பதாவது சாவு இது எனக்கு, வேற வேற சீரியல்ல. தூக்கு, தீ, லாரி, மாடிப்படி, ரெண்டு தடவை ஆத்துல. செத்ததும் எனக்கு ஒரு வேலை இருக்கு. ஷூட்டிங்ல ஒரு வழக்கம். பிணமா நடிச்சவங்களை அப்படியே எழுப்பி அனுப்ப மாட்டாங்க. பூசணிக்காய் உடைச்சு, கேமராவைப் பாத்து ஒரு தடவை சிரிக்கச் சொல்லுவாங்க. செத்ததாவே படம் முடியக் கூடாது, கடைசியா சிரிப்புதான் பதிவாகணும், இல்லைன்னா ஆளுக்கு ஆகாது. சௌஜன்யாவையும் நேத்து சிரிக்க வெச்சிருக்காங்க, கீழே தயாபரன் தன் போன்ல காட்டினான், மாலையைக் கழட்டிட்டு எல்லாப் பல்லும் தெரிய சிரிக்கிறா. நல்லது, நூறு வயசு இருக்கட்டும் அவ. ஆனா குரல் கொடுத்தவளும் செத்துருக்காளே, அவளை எவனாவது சிரிக்கச் சொன்னானா? முப்பது வருஷத்துல ஒருத்தன் சொன்னதில்லை. நானே பாத்ரூமுக்குள்ள போய்க் குழாயைத் திறந்து விட்டுட்டு, ஹிஹின்னு ஒரு சிரிப்பு சிரிச்சுட்டு வருவேன். திருடி மாதிரி. ஒரே ஒரு தடவை மறந்துட்டேன். லாரியில அடிபட்டுச் செத்துட்டு, அடுத்த ஸ்டுடியோவுக்கு ஓடணும்னு ஆட்டோ பிடிச்சுப் போயிட்டேன். நாலாம் நாள் என் வீட்டுக்காரர் சிதம்பரநாதன் போயிட்டார். லாரி புக்கிங் ஆபீஸ்ல நாற்காலியில உக்காந்தபடியே. லாரின்னதும் எனக்கு மண்டைக்குள்ள மணி அடிச்சுது. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லைன்னு தெரியும். தெரிஞ்சு என்ன பண்ண? ஒன்பதரைக்கு சீரியல் வந்தா கண்ணை மூடிக்கிட்டுக் கேப்பார். டிவியைப் பாருங்களேன்னா, "உன் மூஞ்சியை நாள் பூரா பாக்கறேன், அவ மூஞ்சி எனக்கு எதுக்கு"ம்பார். அவர் ஒருத்தர்தான் அட்டை போட்டப்பகூட, ஆள் மாறினதைக் கவனிக்காதவர். ஒரு வாரம் கழிச்சுத்தான், என்ன அகிலா குட்டையாயிட்டான்னு கேட்டார்.

"அக்கா, குழந்தை அழறதையும் முடிச்சுடலாமா? அதோட நமக்கு இன்னைக்கு முடிஞ்சுது." தயாபரன்தான். "அது முடிஞ்சதும் கடைசி ஷாட் ஒண்ணு ஓடும்க்கா, பெரிய மகிழினி திரும்பிச் சிரிக்கிற ஷாட். அது உங்களுக்கு இல்லை. விட்டுடுங்க, திங்கக்கிழமை போட்டுக்கறோம்." தலையை ஆட்டினேன். ஸ்கிரீன்ல குழந்தை கட்டிலை நோக்கி ஓடி வருது. அம்மாவோட பூட்டின வாயைத் திறந்து பாக்குது, கன்னத்தைத் தட்டுது. நான் கண்ணை மூடலை. நெஞ்சுல இருந்து ஏத்தினேன், ஏழு வயசு, தொண்டை நுனியில நின்னு, "அம்மா... எந்திரிம்மா... அம்மா." இப்பத்தான் நான் செத்தேன், இப்ப நானே வந்து என்னை எழுப்புறேன். இந்த மாதிரி கூத்து வேற எந்தத் தொழில்ல உண்டு? மூணாவது 'அம்மா' உச்சிக்குப் போகணும். போச்சு. நடுவுல அந்த நூல் பிரிஞ்சுது, எனக்குத் தெரியும், பிரிஞ்சதும் அப்படியே விட்டேன், நிறுத்தலை, அழுதா அப்படித்தான் கிழியும், எந்தக் குழந்தைக்குக் கிழியாம இருக்கு? கில்பர்ட் நிறுத்தச் சொல்லலை. கடைக்காரி ஒருத்தி ஞாபகம் வந்துச்சு, எதுக்குன்னு தெரியலை, சாலிகிராமம் மார்க்கெட்ல. அரைக் கிலோ சின்ன வெங்காயம் குடுங்கன்னேன், தராசைப் பிடிச்சபடி என்னை ஏற இறங்கப் பாத்துட்டு, "ஐயோ, வீட்டுல டிவியை அணைக்காம வந்துட்டேனோன்னு நெனைச்சுட்டேன்"னா. நான்தாம்மா அகிலான்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு, சொல்லலை. சொன்னா நம்பியிருப்பாளா? எந்த அகிலான்னு கேட்டிருப்பா. மூணு பேருக்கும் அட்டை போட்டாங்க. பேர் போட்டாங்க, படம் போட்டாங்க. எனக்கு ஆறு வருஷத்துல ஒரு எழுத்து போடலை. அன்னைக்கு அதைப் பெருமைன்னு நெனைச்சுக்கிட்டேன் பாருங்க, குரல்னா தெரியாமத்தான் இருக்கணும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். முட்டாள்.

குழந்தை அழுகை அடங்குது. ஸ்கிரீன் கறுப்பாச்சு. வெள்ளை எழுத்து வருது, 'பன்னிரண்டு வருடங்களுக்குப் பிறகு'. விளக்கு இன்னும் எரியுது, கில்பர்ட் நிறுத்தலை, ஓட விட்டுட்டான். ஒரு முதுகு. நீள சடை. கையில புஸ்தகம். எனக்கு ஞாபகம் வந்துச்சு, செத்துட்டு இன்னும் சிரிக்கலை நான். பாத்ரூம் வராண்டா கடைசியில. குழாய். ஹிஹி. எதுக்கு? நான் எதுக்கு அங்கே போய் ஒளிஞ்சு சிரிக்கணும்? பிணமா நடிச்சவ கேமராவைப் பாத்துச் சிரிக்கிறா, பிணமாப் பேசினவ மைக்கைப் பாத்துச் சிரிச்சா எந்த வானம் இடிஞ்சு விழும்? அந்த முதுகு திரும்புது. மகிழினி. அகிலா முகம், பத்தொம்பது வயசு, வாயைத் திறக்கிறா. தெரிஞ்சுதான் சிரிச்சேன். தற்செயலா விழுந்துதுன்னு நாளைக்கு எவனாவது சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். உச்சிக்கும் போகலை, நெஞ்சுலயும் தங்கலை, நடுவுல எங்கேயோ இருந்து வந்துச்சு. கோவில்பட்டியில ராஜா வேஷத்துக்கு மீசை ஒட்டுறப்ப கூசிச் சிரிப்பேனே, அந்த இடத்துல இருந்து. அவ உதடு பிரியுறப்ப ஆரம்பிச்சு, அவ கண்ணைச் சுருக்கிற வரைக்கும் சிரிச்சேன். விளக்கு அணைஞ்சுது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தயாபரன் எந்திரிச்சு நிக்கிறான், முதல் தடவையா என் மூஞ்சியைப் பாக்கறான். கில்பர்ட் மட்டும் மெதுவா, "அக்கா, அது அப்படியே அவ வாயில உக்காந்துடுச்சுக்கா"ன்னான். தயாபரன் மைக்கைத் தன் பக்கம் இழுத்தான். "அக்கா, நான்தான் சொன்னேனே, அது வேற பொண்ணு, சேனல்ல..." நான் ஃபிளாஸ்க்கை மூடினேன். மூடி சரியா உக்காரலை, திரும்பத் திறந்து மூடினேன். "தயா, செத்தவ சிரிக்கணும், சிரிச்சேன். பூசணிக்காயை நீ உடைச்சாலும் சரி, உடைக்கலைன்னாலும் சரி." "அது சரிக்கா, அதை அழிச்சுட்டு..." "அழி. தாராளமா அழி. திங்கக்கிழமை அந்தப் பொண்ணு வரட்டும், நல்லாப் பேசட்டும், நான் ஒண்ணும் சாபம் விட மாட்டேன். ஆனா அகிலா மூஞ்சி மாறினப்ப எல்லாம் ஒரு அட்டை போட்டீங்கல்ல? குரல் மாறுறப்பவும் போடுங்க. இவருக்குப் பதில் இவர்னு. அவ பேருக்கு முன்னாடி என் பேர் வரணும். என் முழுப் பேர் தெரியுமா உனக்கு?" தயாபரன் கில்பர்ட்டைப் பாத்தான். கில்பர்ட் வாயைத் திறந்தான், நான் கையைக் காட்டினேன், அவன் சொல்லலை. தயாபரனுக்குத் தெரியலை. ரெண்டு வருஷமா அக்கா, அக்கா. "செண்பகவல்லி"ன்னேன், இன்னும் திறந்திருந்த மைக்ல, ராஜா வேஷத்துக் குரல்ல, அந்தப் பக்கம் ஸ்பீக்கர் அதிர. "எழுதிக்கோ. அந்தப் பேரை அட்டையில எழுதிட்டு அழி, அதுவரைக்கும் அந்தச் சிரிப்பு அங்கேயே இருக்கட்டும்."